மோடம் கற்றுத் தந்த பாடம்

(திருவனந்தபுரத்தில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய கம்ப்யூட்டர் நாட்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கோ மாமா" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பௌதிகத்தில் பட்டம் பெற்று, சர்க்கார் உத்தியோகத்தில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. ஆனால் 1990-களின் பிற்பகுதியில் நம்மவர் வீடுகளில் பிள்ளைகள் வெளிநாடு போனபோது, அவர்களுடைய ஈமெயிலுக்காக மோடத்துடன் மல்லுக்கு நின்ற பெற்றோர்களில் நானும் ஒருவன். அன்று கற்ற ஒரு முறை இன்று ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் நமக்கும் பிரயோஜனப்படும். அதைச் சொல்லவே வந்தேன்.

முதலில் சிறிது சரித்திரம். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் தொடங்கியது. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. இவை எல்லாவற்றுக்கும் வீட்டில் இருந்த தொலைபேசிக் கம்பிதான் வழி.

மோடம் என்ன செய்தது? கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒன்றும் பூஜ்யமும். தொலைபேசிக் கம்பிக்குத் தெரிந்தது சப்தம் மட்டும். முன்னதைப் பின்னதாக மாற்றி அனுப்பி, எதிர்முனையில் மறுபடி பிரித்தெடுப்பதே மோடத்தின் வேலை. தொலைபேசி வழியே ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான சப்தம்தான் போகும். அந்தக் குறுகிய பாதையில் இரைச்சலையும் கணக்கில் கொண்டு எவ்வளவு செய்தி அனுப்பலாம் என்பதற்கு ஷானன் 1948-லேயே சூத்திரம் கொடுத்துவிட்டார். நல்ல லைனுக்கு அது நொடிக்குச் சுமார் 35,000 பிட். அதனால்தான் மோடங்கள் 33,600-ல் வந்து நின்றன. 1997-ல் வந்த 56,000 மோடம் எப்படி அதைத் தாண்டியது? எதிர்முனை எக்ஸ்சேஞ்சுடன் நேரடியாக டிஜிட்டல் முறையில் இணைந்திருந்ததால், நம் பக்கம் இறங்கும் திசையில் மட்டும் அந்த வேகம் சாத்தியமாயிற்று. நம் வீட்டிலிருந்து போவது பழைய வேகத்தில்தான்.

டயல் செய்ததும் கேட்குமே ஒரு "கீ... கிர்ர்..." சப்தம், அது வெறும் சத்தம் அல்ல. பதில் சொல்லும் மோடம் முதலில் 2100 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஒன்றை எழுப்பும். நடுவில் உள்ள எதிரொலித் தடுப்பான்களை ஒதுங்கச் சொல்லும் சமிக்ஞை அது. பிறகு இரண்டு மோடங்களும் லைனைச் சோதித்து, எந்த வேகம் ஒத்துவரும் என்று பேசி முடிவு செய்யும். கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பது மாதிரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "நெட் வரவில்லை" என்பது ஒரு வியாதியின் பெயர் அல்ல. ஐந்து படிகள் உண்டு. எந்தப் படியில் கால் இடறியது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் படி: மோடம் உயிரோடு இருக்கிறதா? விண்டோஸ் 95-இல் ஹைப்பர்டெர்மினல் என்று ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. அதைத் திறந்து "ஏ.டி." என்று இரண்டு எழுத்தை அடித்தால் மோடம் "ஓ.கே." என்று பதில் சொல்ல வேண்டும். 1981-இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்தில் கொண்டுவந்த இந்தக் கட்டளைகளைப் பின்னால் எல்லா நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. பதில் வரவில்லை என்றால் தொலைபேசி இலாகாவைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. தவறு நம் மேஜை மேலேயே இருக்கிறது.

இரண்டாவது படி: டயல்டோன். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாலே தெரிந்துவிடும். காதுக்கு டோன் கேட்கிறது, ஆனால் மோடம் "நோ டயல்டோன்" என்கிறது என்றால், நம் எக்ஸ்சேஞ்சின் ஸ்வரம் வெளிநாட்டு மோடத்துக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். டோனுக்காகக் காத்திராமல் டயல் செய்யும்படி சாஃப்ட்வேரில் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் போதும். பழைய எக்ஸ்சேஞ்சாக இருந்தால் டோன் முறைக்குப் பதில் பல்ஸ் முறை, அதாவது "டி.டி."க்குப் பதில் "டி.பி."

மூன்றாவது படி: எதிர்முனை எடுத்ததா, சுருதி சேர்ந்ததா? இங்கே இடறினால் "பிஸி" அல்லது "நோ கேரியர்" என்று வரும். உள்ளறையில் இன்னொரு இணைப்பு ஃபோனை யாராவது எடுத்தாலும் லைன் அறுந்துவிடும். மழையில் ஜாயின்ட்டில் ஈரம் இறங்கினாலும் அப்படியே.

நான்காவது படி: பெயரும் பாஸ்வேர்டும். விண்டோஸில் 691 என்ற எண் வந்தால் மோடமும் லைனும் நன்றாக இருக்கின்றன, பாஸ்வேர்டுதான் தகராறு. பெரும்பாலும் கேப்ஸ்லாக் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

ஐந்தாவது படி: எல்லாம் இணைந்தும் பக்கம் திறக்கவில்லை. எண் முகவரிக்குப் பதில் வருகிறது, பெயர் முகவரிக்கு வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வரின் விவரம் சரியாக இல்லை.

இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்பதற்கு ஓர் உதாரணம். கரமனையில் எனக்குத் தெரிந்த ஒரு மாமா வீட்டில் மோடம் இணைந்த மறுநிமிடம் மவுஸ் உறைந்துவிடும். கடைக்காரர் இரண்டு முறை மவுஸை மாற்றினார். மாமாவுக்குப் பணம் போனது. பிள்ளைக்கு மாதக் கணக்கில் கடிதம் போகவில்லை. நான் பார்த்தபோது மவுஸ் "காம் 1" வாசலிலும் மோடம் "காம் 3" வாசலிலும் இருந்தன. அந்தக் காலப் பி.சி.யில் இந்த இரண்டு வாசலுக்கும் ஒரே அழைப்பு மணி, நான்காம் எண் இன்டரப்ட். மோடம் மணி அடிக்கத் தொடங்கியதும் மவுஸின் குரல் எடுபடவில்லை. மோடத்தை "காம் 2"க்கு மாற்றினோம், தீர்ந்தது. செலவு ஒன்றும் இல்லை. மவுஸ் நின்றதால் மவுஸ்தான் கெட்டது என்று நினைத்தது பிசகு. "எப்போது நின்றது?" என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சத்ரு, இடி மின்னல். துலாவர்ஷ மாதங்களிலும் சித்திரை, வைகாசிக் கோடைமழையிலும் இங்கே எத்தனை மோடங்கள் கருகின! மோடத்துக்கு ஒரு பக்கம் தொலைபேசிக் கம்பி, மறு பக்கம் கரண்ட். ஒரு வழியே புகும் மின்னழுத்தம் இன்னொரு வழியே வெளியேறப் பார்க்கும். நடுவில் இருக்கும் மோடம் பலியாகும். ஸ்விட்சை அணைத்தால் போதாது, இரண்டு இணைப்பையும் கழற்ற வேண்டும். இன்று ஃபைபர் கேபிள் வந்துவிட்டது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் அந்தப் பெட்டியின் கரண்ட் அடாப்டர் வழியே பாயும். ஆகவே பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

டயல்-அப் காலம் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் கோடிக்கணக்கானோருக்கு இன்டர்நெட்டை அறிமுகப்படுத்திய ஏ.ஓ.எல். நிறுவனமே 2025 செப்டம்பர் 30-உடன் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. ஆனால் ஐந்து படிகள் போகவில்லை. ஃபோன் சரியாக இருக்கிறதா? வீட்டு வை-ஃபையுடன் சேர்ந்திருக்கிறதா? ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? எரிந்தால் கேபிள் வழியே சமிக்ஞை வரவில்லை என்று கொள்ளலாம். பில் கட்டியாயிற்றா? எல்லாப் பக்கமும் வரவில்லையா, வங்கியின் பக்கம் மட்டும் வரவில்லையா? இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேட்டால் பாதிக் கோளாறு நம் கையாலேயே தீரும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? பிள்ளைகள் கடல் கடந்து இருக்க, தம்பதியாகவோ தனியாகவோ வாழ்பவர்கள் நம்மில் ஏராளம். பென்ஷன், வங்கி, ஆயுள் சான்றிதழ் எல்லாம் ஃபோனுக்குள் வந்துவிட்டன. கோளாறு என்றதும் பதறி, தேடுதலில் முதலில் வரும் "கஸ்டமர் கேர்" எண்ணைக் கூப்பிடுகிறோம். அங்கேதான் மோசடிக்காரன் காத்திருக்கிறான். "ஒரு ஆப்பைப் போடுங்கோ, நான் சரி செய்து தருகிறேன்" என்பான். நம் திரை அவன் கைக்குப் போனால் ஆயுள் சேமிப்பும் போகும். மோடம் காலத்தில் கோளாறு வந்தால் கடிதம் தாமதமாயிற்று, அவ்வளவுதான். இன்று பதற்றத்தின் விலை அதிகம்.

ஆகவே நான்கு வேண்டுகோள். ஐந்து கேள்விகளையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபோன் பக்கத்தில் ஒட்டுங்கள். உதவி எண்ணைப் பில்லிலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். நான்காவது இளைஞர்களுக்கு: தாத்தா ஃபோனை நீட்டினால் பிடுங்கிச் சரி செய்து திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அவர் விரலாலேயே ஒவ்வொரு படியாகச் செய்யச் சொல்லி, பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். அடுத்த தடவை நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள்.