நாள் தவறாத சோறு



மனிதனை வருத்தும் பிணிகள் பல. ஒரு முறை மருந்துண்டால் நீங்குவன சில. சில காலம் மருந்துண்டால் நீங்குவன பல. பசி என்னும் பிணியோ இவ்விரு வகையிலும் அடங்காதது. காலையில் தீர்த்தால் மாலையில் மீண்டும் வரும். இன்று தீர்த்தால் நாளை மீண்டும் வரும். குளம் தொட்டவனுடைய அறம் பல்லாண்டு நிற்கிறது. மரம் வைத்தவனுடைய அறம் அடுத்த தலைமுறைக்கும் நிழல் தருகிறது. சோறு இட்டவனுடைய அறமோ சில நாழிகைக்கே பயன் தருகிறது. இதனால் அன்னமிடுதல் சிறிய அறம் என்று கருதிவிடலாகாது. நாள்தோறும் புதிதாகச் செய்யப்பட வேண்டிய அறம் என்பதே இதன் பொருள். வீடற்ற ஏழைகளுக்கு உணவளிக்கும் சிறு தொண்டர் குழுவை நடத்துவது எப்படி என்பதை இந்த உண்மையின் அடிப்படையில் இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நான் வாழும் ஊர் திருத்தணி. முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் ஒன்று அது. மலைமேல் செல்லும் படிகள் 365. ஓராண்டின் நாட்களை அவை குறிக்கின்றன என்று பெரியோர் கூறுவர். எல்லைக் கிளர்ச்சியின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர் இது. இன்றும் இதன் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. பசியைத் தெலுங்கர் ‘ஆகலி’ என்பர். ஆயினும் பசியைத் தீர்க்கும் பொருளுக்கு ‘அன்னம்’ என்னும் சொல் இரு மொழிக்கும் பொது.

ஆடிக் கிருத்திகை நாளில் எங்கள் ஊரைக் காண வேண்டும்! பூக்காவடிகள் அலை அலையாக வரும். தெருவெங்கும் அன்னதானப் பந்தல்கள் எழும். மோர், பானகம், புளியோதரை, பொங்கல் என்று கேட்பார்க்கும் கேளார்க்கும் கொடுப்பர். அன்று பசித்திருப்பார் அரியர். உண்ண முடியாமல் எறியப்பட்ட சோறு குப்பைத் தொட்டிகளில் குவிந்து கிடக்கும். பந்தல் பிரித்த மறுநாளோ, முதல் நாள் மூன்று இலை உண்ண அழைக்கப்பட்ட அதே முதியவர் ஒரு குவளைத் தேநீருக்குக் கை நீட்டி நிற்பார். ஊரில் சோறு இல்லையென்பதா குறை? அன்று, அதை நாட்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஒழுங்கு இல்லை என்பதே குறை. திருநாள் ஒரு படி என்றால், எஞ்சிய படிகள் 364 உண்டன்றோ?

வீடற்றோர் எனப்படுவோர் யாவர்? 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு இதற்கு ஓர் இலக்கணம் வகுத்துள்ளது. நடைபாதைகளிலும், பெரிய குழாய்களினுள்ளும், மாடிப் படிகளின் கீழும், கோயில், மண்டபம், ரயில் நிலைய மேடை ஆகியவற்றின் திறந்த வெளிகளிலும் வாழ்வோர் வீடற்றோர் என்பது அது. பகலில் இவர்களைக் கண்டுபிடித்தல் அரிது. ஆகவே அவ்வாண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இரவில் இவர்களை எண்ணினார்கள். இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 17 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று கணக்கு வந்தது. கோயில் நகரங்களில் இத்தகையோர் பலவகைப்படுவர். பிள்ளைகளால் கைவிடப்பட்ட பெற்றோர் உண்டு. உடல் தளர்ந்து வேலை இழந்த கூலித் தொழிலாளர் உண்டு. மனம் பேதலித்து, ஊரும் பேரும் சொல்ல இயலாதவரும் உண்டு.

‘கோயிலிலேயே அன்னதானம் நடக்கிறதே, தனியே ஒரு குழு எதற்கு?’ என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. தமிழ்நாட்டுக் கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கியது. திருத்தணிக் கோயிலில் நாள் முழுவதும் அன்னமிடும் திட்டம் 2021-இல் வந்தது. போற்றத்தக்க ஏற்பாடு அது. ஆயினும் கோயில் மலைமேல் உள்ளது. கால் இழந்தவரும், காய்ச்சலில் கிடப்பவரும், கிழிந்த ஆடையோடு பக்தர் வரிசையில் நிற்க நாணுபவரும் அங்கே சென்று சேர்வதில்லை. பெரிய அமைப்புத் தன்னிடம் வந்தவர்க்கு உணவளிக்கும். வர இயலாதவரைத் தேடிச் செல்வது சிறு குழுவுக்கே எளிது.

இத்தகைய பணிக்கு வழிகாட்டியாக விளங்குபவர் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள். இளமையில் சென்னையில் வாழ்ந்த காலத்தே தணிகை முருகனிடம் பேரன்பு கொண்டு பாடியவர் ஆதலால், எங்கள் ஊரார் அவரை உரிமையோடு போற்றுவர். 1866-இல் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளையும் பஞ்சம் வாட்டியது. அடுத்த ஆண்டு, 1867 மே 23 அன்று, வடலூரில் அவர் சத்திய தருமச் சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்துவருகிறது. 1874 ஜனவரியில் அடிகள் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், 1876-இல், தென்னாட்டின் கொடிய பஞ்சங்களுள் ஒன்று தொடங்கியது. நிறுவியவர் இல்லை, அடுப்பு இருந்தது!

இதில் மாணவர் கற்க வேண்டிய பாடங்கள் மூன்று. முதலாவது, பசித்தவரிடம் சாதியும் சமயமும் வினவாமை. இரண்டாவது, நாள் தவறாமை. மூன்றாவது, பணியை ஒருவர் தோளில் மட்டும் ஏற்றாமை. வடலூரில் ஊரார் நிலம் அளித்தனர். அன்பர்கள் நெல் அளித்தனர். பலர் சேர்ந்து பணி செய்தனர். ஒருவருடைய உற்சாகத்தால் மட்டும் எரியும் அடுப்பு, அவர் ஊர் மாறிய அன்றே அணைந்துபோகும்.

எல்லைக்கு அப்பால் தெலுங்கு நாட்டிலும் ஒரு சான்று உண்டு. கோதாவரிப் பகுதியிலுள்ள கன்னவரம் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் தொக்கா சீதம்மா. 1909-இல் மறைந்த அவ்வம்மையார், வழிப்போக்கர்க்கும் ஏழைகட்கும் வேளை பாராது சோறிட்டவர். அவர் அமைப்பு எதையும் நிறுவினாரல்லர். தம் வீட்டு அடுக்களையையே அறச்சாலை ஆக்கினார். ஆந்திர அரசு 2024-இல் பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது.

இனி, நடைமுறைக்கு வருவோம். என் பழைய மாணவர் சிலர் வாரத்தில் ஒரு நாள் இப்பணியைச் செய்து வருகின்றனர். அவர்களோடு உடன் நடந்து நான் கண்டவற்றையே கூறுகிறேன்.

சமைப்பதற்கு முன் எண்ணுங்கள். ஓர் இரவு ஊரைச் சுற்றி வந்து, எங்கே எத்தனை பேர் உறங்குகின்றனர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து பேர்க்குத்தான் இயலுமெனில் பதினைந்து பேர்க்கே தொடங்குங்கள். ஐம்பது பேர்க்கு ஒரு மாதம் அளித்து நிறுத்துவதினும், பதினைந்து பேர்க்குப் பல ஆண்டு அளித்தல் மேலானது. நாளையும் நேரத்தையும் உறுதி செய்யுங்கள்; செய்தபின் மாற்றாதீர்கள்.

பொருளுக்கு எங்கே போவது? நம் முன்னோர் பிடி அரிசி என்றொரு வழக்கம் வைத்திருந்தனர். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலத்தில் இடுவர். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பிடி ஏறத்தாழ 45 கிராம். பத்து வீடுகளில் ஏழு நாளில் மூன்று கிலோவுக்கு மேல் சேரும். ஒரு கிலோ அரிசி எட்டுப் பேர் வயிற்றையேனும் நிரப்பும். ஆக, பத்து வீட்டாரின் ஒரு பிடி, இருபத்தைந்து பேரின் ஒரு வேளை. வரவு செலவை ஒரு குறிப்பேட்டில் எழுதி, எவர் கேட்பினும் காட்டுங்கள்.

உணவில் தூய்மை முதன்மையானது. சமைத்த சோறு சூடாகவே இருத்தல் வேண்டும். வெப்பம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கி நெடுநேரம் கிடந்தால், கொதியிலும் சாகாத ஒருவகை நுண்ணுயிர் அதில் பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. விருந்து வீட்டில் எஞ்சியதை மறுநாள் ஏழைக்குக் கொடுப்பது அறமாகாது. நாம் உண்ண அஞ்சும் ஒன்றைப் பிறர்க்கு ஈதல் ஈகையா? பல் இழந்தோர்க்குக் குழைந்த சோறு வேண்டும். பல நாள் பட்டினி கிடந்தவர்க்கு முதலில் சிறிது கஞ்சியே அளித்து, மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். வயிறு நிறைய ஒரேயடியாக உண்பது அவர் உயிருக்கே தீங்காகலாம்.

கொடுக்கும் முறையிலும் கருத்து வேண்டும். ‘ஐயா’, ‘அம்மா’ என்று அழைத்து, எதிரே குனிந்து, இரு கையாலும் கொடுங்கள். பெயரைக் கேட்டறிந்து, அடுத்த முறை அப்பெயரால் அழையுங்கள். உண்பவரைப் படம் பிடித்துப் பலர்க்குக் காட்டாதீர்கள். நம் வீட்டு விருந்தினரை உண்ணும்போது எவரேனும் படமெடுத்துப் பரப்ப ஒப்புவோமா?

ஒரு நிகழ்ச்சி. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மாலை முதலே கடுமழை. இன்று எவரும் வெளியே இருக்கமாட்டார்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று குழுவில் சிலர் கூறினர். ஓர் இளைஞன் மட்டும் கேளாமல், குடைபிடித்துப் பொட்டலங்களோடு சென்றான். மூடிய கடை ஒன்றின் திண்ணையில் மூதாட்டி ஒருத்தி தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் அவளுக்கு ரொட்டி கொடுக்க முன்வந்தாராம். ‘வேண்டாம் தம்பி, வேறு யாருக்காவது கொடு; எனக்குப் பிள்ளைகள் கொண்டு வருவார்கள்’ என்று மறுத்துவிட்டாளாம். இதைக் கேட்டபின் அக்குழுவில் மழை ஒரு காரணமாகப் பேசப்படவேயில்லை. நாம் தருவது பொட்டலம் மட்டுமன்று, மாணவர்களே, ஒரு வாக்குறுதி. அதை நம்பி ஒருவர் வேறொரு கையை மறுத்திருக்கக்கூடும்.

சோறிடுதல் சோம்பலை வளர்க்கும் என்று கூறுவாரும் உளர். பள்ளியில் மதிய உணவு அளிப்பது பற்றியும் ஒரு காலத்தில் ஐயுற்றோர் இருந்தனர். காமராசர் ஆட்சியில் 1956-இல் அத்திட்டம் தொடங்கி, 1982-இல் சத்துணவாக விரிந்து, 2022-இல் காலை உணவாகவும் வளர்ந்தது. பசித்த பிள்ளையின் செவியில் பாடம் ஏறாது என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். பசித்த பெரியவர்க்கும் இஃது ஒக்கும். உண்ட பின்னரே அவர் தம் ஊரைச் சொல்வார், நோயைச் சொல்வார். அப்போது நம் பணியின் அடுத்த பகுதி தொடங்குகிறது. குடும்ப அட்டைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் எழுதித் தருதல், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல், உறவினர்க்குச் செய்தி அனுப்புதல் ஆகியவை மாணவராலும் இயலக்கூடியவை. மனநலம் குன்றிய வீடற்றோர்க்கு இலவச மருத்துவம் பெறும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வழங்கியுள்ளது. அவ்வுரிமையைத் தாமே கேட்க இயலாதவர்க்காகக் கேட்பதும் அன்னமிடுதலைப் போன்றதே.

இப்பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பத்து வீடுகள், ஒரு குறிப்பேடு, ஒரு பாத்திரம், குறித்த நேரத்துக்குக் கிளம்பும் கால்கள் இவை போதும். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே அரியது. தேர்வுக் காலத்திலும், திருவிழா முடிந்த மறுநாளிலும், மழையிலும் அக்கால்கள் கிளம்ப வேண்டும். நீங்கள் படிப்பு முடித்து ஊரை விட்டுச் செல்லும்போது, உங்கள் பாத்திரத்தை ஏற்றுக்கொள்ள அடுத்த வகுப்பு மாணவன் ஒருவனை ஆயத்தம் செய்துவிட்டுச் செல்லுங்கள்.