நுண்ணுயிரைக் கொல்லாது நோய் தடுத்தல்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



நீரையும் வடிகட்டிப் பருகும் மரபில் வந்த நாம், கோடிக்கணக்கான நுண்ணுயிர்களைக் கொல்லும் மருந்தை உண்பது தகுமா என நம் இளைஞர்கள் வினவுகின்றனர். தற்காப்பின்பொருட்டு நேரும் விரோதி இம்சையை இல்லறத்தார் முற்றும் துறத்தல் இயலாது என்பது நம் நூல்கள் கண்ட விடை. ஆயினும் கொல்லாமலே நோயைத் தடுக்கும் வழியொன்றை அறிவியல் தேடி வருகின்றது.

வாந்திபேதிக் கிருமியை எடுத்துக்கொள்வோம். அது குடற்சுவரைத் துளைத்து உட்புகுவதில்லை. மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நஞ்சொன்றைச் சுரக்கின்றது. உடலின் நீரும் உப்பும் வெளியேறுவது அந்நஞ்சினால். இதனை மெய்ப்பித்தவர் கல்கத்தா மருத்துவர் சம்புநாத் தே. கிருமிகளை வடித்து நீக்கிய நீர்மம் மட்டுமே முயலின் குடலில் நீரைப் பெருக்கியதை 1959ஆம் ஆண்டில் அவர் காட்டினார். இதற்குரிய புகழ் அவருக்கு வாழ்நாளில் போதிய அளவு கிட்டவில்லை என்பது என் ஆதங்கம்.

2005இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் விர்ஸ்டாட்டின் என்னும் சேர்மத்தை அறிவித்தனர். கிருமியின் நஞ்சுக்கும், குடலில் குடியேற உதவும் இழைகளுக்கும் ஆணையிடும் புரதம் ஒன்றே. அதனை இச்சேர்மம் முடக்குகின்றது. கிருமி உயிரோடிருக்கும், ஆனால் நஞ்சும் இல்லை, பற்றும் இல்லை. எலிக்குஞ்சுகளின் குடலில் அது குடியேறுவது தடைப்பட்டது.

இதன் பயன் கிருமிக்கு மட்டுமன்று. கொல்லும் மருந்துக்குத் தப்பியவை பெருகி, அதற்கு அடங்காத குலமாகின்றன. பென்சிலினைக் கண்ட பிளெமிங்கே 1945இல் தம் நோபெல் உரையில் இதனை எச்சரித்தார். படைக்கலத்தை மட்டும் பறித்தால் அந்நெருக்கடி குறையும் என்பது எதிர்பார்ப்பு. முற்றும் நீங்கும் எனல் மிகை. விர்ஸ்டாட்டினுக்கு அடங்காத வாந்திபேதிக் கிருமிகளும் உள.

ஒன்றை மறைத்தல் வாய்மைக்குப் பொருந்தாது. ஓரறிவுயிரை வாழவிடும் இவ்வறிவு, முயலையும் எலியையும் வருத்திப் பெற்றது. ஐந்தறிவுயிருக்கு இழைத்த துன்பத்தை இந்நன்மை நேர்செய்யும் என்று கூற எனக்கு நா எழவில்லை. மனிதக் குடல் உயிரணுக்களைக் கலத்தில் வளர்த்துச் சோதிக்கும் முறைகள் இன்று வளர்ந்து வருகின்றன. அறிவியல் பயிலும் நம் மாணவர் அத்துறையை நாடுவாராக.

விர்ஸ்டாட்டின் இன்னும் மருந்துக்கடைக்கு வந்திலது. ஆகவே பேதி கண்டவர், நோன்பு நாளாயினும், உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே பருகுதல் வேண்டும். கிருமிக்கொல்லியை மருத்துவர் எழுதித் தந்தால் தயங்காது உண்க. எழுதித் தராதபோது தாமாகக் கடையில் வாங்கற்க.