கிராமத்தில் யுத்த ஞாபகச் சின்னம்
(விக்கிரமங்கலத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் முன் நிகழ்த்திய பிரசங்கம்)



விதைக் கடனையும் உரத்தையும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில், யுத்தத்தில் மடிந்தவர்களுக்குக் கல் நாட்டும் விஷயத்தை எடுத்துக்கொள்வானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பலருடைய பணத்தை ஒன்று சேர்த்து, கணக்குக் காட்டி, பொதுக் காரியத்தை முடிப்பது சங்கத்தின் தொழில். ஆட்களின் பெயரையும் தகப்பனார் பெயரையும் பிசகின்றி எழுதி வைப்பதும் அதன் தொழிலே. ஞாபகச் சின்னம் என்பது முக்கியமாக ஒரு பெயர்ப் பதிவேடு. ஆகவே இது சங்கத்துக்கு அந்நியமான விஷயமன்று.

இவ்வூர் 1995-ம் வருஷம் வரையில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவின் தலைநகரில், காந்தி மார்க்கெட்டின் அருகே, முதல் உலக யுத்தத்தின் ஞாபகச் சின்னம் ஒன்று உண்டு. சந்தைக்குக் காய்கறி கொண்டு போனவர்கள் அதைக் கடந்து போயிருப்பீர்கள். நின்று படித்தவர்கள் சிலரே இருப்பர். அந்நகரிலிருந்து 302 பேர் யுத்தத்துக்குச் சென்றனர் என்றும், அவர்களில் 41 பேர் உயிர் நீத்தனர் என்றும் அதில் கண்டிருக்கிறது. வேலூர் மணிக்கூண்டிலும் இதே வாய்பாட்டில் 277 பேர் சென்றதும் 14 பேர் மாண்டதும் பொறிக்கப்பட்டுள்ளன. யுத்தம் முடிந்தபின், ஆள் அனுப்பிய ஊர்களில் இத்தகைய கற்பலகைகளைப் பதிப்பது அக்கால சர்க்காரின் வழக்கமாயிருந்தது. ஊரின் பெயர், சென்றவர் தொகை, இறந்தவர் தொகை, இவ்வளவே வாசகம்.

அந்த 41 பேர் யார்? எவர் வீட்டுப் பிள்ளைகள்? பலகை சொல்லாது. இந்தியாவிலிருந்து அந்த யுத்தத்தில் கடல் கடந்து சென்றோர் பத்து லட்சத்துக்கு மேல். மாண்டோர் 74,000-க்குக் குறையாது. இராக் தேசத்தின் பாஸ்ரா நகரில் 1929-ம் வருஷம் திறக்கப்பட்ட பெரிய ஞாபகச் சின்னத்தில், பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டன. இந்தியருள் அதிகாரிகளுக்கு மாத்திரமே பெயர் கிடைத்தது. சாதாரணச் சிப்பாய்கள் பட்டாளவாரியாக வெறும் தொகையாயினர். பதவி, குலம், மதம் பாராமல் எல்லோருக்கும் சமமான மரியாதை என்று விதி வகுத்துக்கொண்ட ஸ்தாபனமே இப்படிச் செய்தது. காமன்வெல்த் யுத்தக் கல்லறைக் கமிஷன் இந்தப் பாரபட்சத்தை 2021-ம் வருஷம் தன் அறிக்கையில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. நூறு வருஷம் சென்றபின் வந்த வருத்தத்தால், மகனைப் பறிகொடுத்த எந்தத் தாய்க்கு என்ன ஆறுதல்?

தமிழர் இவ்விஷயத்தைப் பிறரிடம் கற்கவேண்டியதில்லை. கல்லைத் தேடிக் கண்டு, நீராட்டி, நாட்டி, படைத்து, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ம் வருஷம் அகப்பட்ட நடுகல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதன் சாசனம் மிகச் சிறியது. ஆயினும் மாண்டவன் தீயன் அந்தவன் என்பதும், அவனுடைய ஊரும், கூடலூர் ஆநிரைப் பூசலில் அவன் மாண்டான் என்பதும் அதிலிருந்து தெரிகின்றன. பெயர், ஊர், மாண்ட காரணம் ஆகிய மூன்றும் அந்தச் சில சொற்களில் அடங்கிவிட்டன. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றுண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதியிருக்கிறது. நாய்க்கும் பெயர் எழுதிய தேசத்தில், மனிதரைத் தொகையாக எழுதிப் போனார்கள்!

டில்லியில் 2019-ம் வருஷம் பிப்ரவரி மாதம் திறக்கப்பட்ட தேசிய யுத்த ஞாபகச் சின்னத்தில், சுதந்திரத்துக்குப் பின் மாண்ட 25,000-க்கு மேற்பட்ட வீரரின் பெயர்கள் கருங்கல்லில் தனித்தனியே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதே மாதத்தில்தான் புல்வாமாவில் நம் அரியலூர் மாவட்டத்துக் கார்குடியைச் சேர்ந்த சிவச்சந்திரன் உயிர் நீத்தார். அவர் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்தவர். ராணுவம், போலீஸ் என்ற இலாகா வித்தியாசம் தலைநகரத்துச் சின்னங்களுக்குப் பொருந்தலாம். கிராமத்துக் கல்லில் அதைப் பாராட்டவேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை. சமையற்காரர், கோவேறு கழுதை ஓட்டியவர், கூலிப் பட்டாளத்தில் மண் வெட்டியவர் ஆகியோரும் அப்படியே. ஊரை விட்டுப் போனார், திரும்பி வரவில்லை, அது போதும்.

இனி அமைப்பு. நம் அரியலூர்ச் சீமை சுண்ணாம்புக் கல்லுக்குப் பெயர்போனது. சிமெண்டுக்கு அது உத்தமம்; எழுத்து வெட்ட ஆகாது. மழை நீர் அதைச் சிறுகச் சிறுகக் கரைக்கும். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்குக் கருங்கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்த சிரமம் வீண்போகவில்லை. ஆயிரம் வருஷமாகியும் அதன் எழுத்தைப் படிக்கலாம். ஆகவே ஒற்றைக் கருங்கல்லே போதும். துப்பாக்கி, பீரங்கி, சிங்க உருவங்கள் வேண்டாம். எழுத்தை ஆழமாக வெட்டவேண்டும். சாயம் பூசிய எழுத்து சில கோடைக்கு மேல் நில்லாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாகப் படும்படி கல்லை நிறுத்தினால், வெட்டெழுத்து தானே தெளிந்து தெரியும். கரிசல் மண்ணாயின், வெடிப்பு விடும் ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரம் இறங்க வேண்டும். இல்லாவிடில் இரண்டொரு கோடையில் கல் சாயும். அடியில் கொஞ்சம் வெற்றிடமும் விடுங்கள். விடுபட்ட பெயர் பின்னால் தெரியவரக்கூடும்.

பெயர்களைப் பதவி வரிசையிலும் தெரு வரிசையிலும் எழுதாமல் அகர வரிசையில் எழுதுங்கள். சாதிப் பட்டம் வேண்டாம். பெயர், தகப்பனார் பெயர், பட்டாளம், மாண்ட இடம், வருஷம் இருந்தால் போதும். கல் நிற்கும் இடமும் எல்லாத் தெருவாரும் தடையின்றி வந்து நிற்கக்கூடிய இடமாயிருக்கவேண்டும். இது சில ஊர்களில் சுலபமான காரியமன்று என்பதை அறிவேன். அதனாலேயே முன்கூட்டிச் சொல்லுகிறேன். புறம்போக்கு நிலமாயின் கிராம சபைத் தீர்மானமும் உரிய அனுமதியும் பெற்ற பின்பே குழி தோண்டவேண்டும்.

செலவுக்குப் பங்கு மூலதனத்தையும் வைப்புத் தொகையையும் தொடலாகாது. உபவிதிகள் இடங்கொடுத்தால், பொது நன்மை நிதியிலிருந்து மகாசபைத் தீர்மானத்தின்பேரில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். மற்றதை வீட்டுக்கு வீடு சிறு தொகையாகத் திரட்டுங்கள். ஒரே தனவந்தர் முழுவதும் தருவதாகச் சொன்னால் வந்தனத்துடன் மறுத்துவிடுங்கள். கோயில் குழல் விளக்கில் உபயகாரர் பெயர் வெளிச்சத்தை மறைப்பதைப் பார்த்திருக்கிறோமல்லவா?

கல்லுக்குச் சொல்லுமுன் பெயர்களைச் சேகரிக்கவேண்டும். வீட்டுப் பெட்டிகளில் பழைய பென்ஷன் காகிதம், மெடல், வெளிநாட்டுக் கடிதம் கிடக்கலாம். 1939-ம் வருஷத்து யுத்தத்துக்குப் போனவர்களை நேரிற் கண்ட பெரியோர் இப்போது எண்ணிக்கையில் மிகக் குறைந்துவிட்டனர். காரியதரிசி ஒரு நோட்டுப் புஸ்தகத்துடன் அவர்கள் திண்ணைக்கு முதலில் போகட்டும். இளைஞர் ஒருவர் கமிஷனின் பதிவேட்டைக் கணினியில் தேடி, கிடைத்த பெயரைத் தகப்பனார் பெயருடனும் ஊருடனும் ஒத்துப் பார்க்கட்டும். இரண்டு சாட்சியமும் பொருந்தும் பெயரை மையால் எழுதுங்கள். பொருந்தாததைப் பென்சிலால் எழுதி வைத்து, அடுத்த கூட்டத்தில் உரக்க வாசியுங்கள்.