பரண் தந்த பாடம்
(இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உறக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறோம். பேச்சைக் கேட்டு உறங்குவது நம் ஊருக்குப் புதிதன்று. இன்று எவரேனும் உறங்கினால் அதனை நாம் குற்றமாகக் கொள்ளமாட்டோம்.

சில நாட்களுக்கு முன், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் தம்பி ஒருவர் எம்மிடம் ஒரு திட்டத்தைக் கூறினார். இரவு உறக்கத்தை முற்றாக விட்டுவிடுவது. அதற்குப் பதிலாக 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 20 நிமிடம் கண்ணயர்வது. நாளொன்றுக்கு 6 தடவை; ஆக 2 மணித்தியாலம். மிச்சம் 22 மணித்தியாலமும் படிப்புக்கு! மேதை லியனார்டோ டா வின்சி இப்படித்தான் உறங்கினார் என்று கைத்தொலைபேசியில் பார்த்தாராம். அதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை.

நாம் அவரிடம், "தம்பி, உமது அப்பா காலபோகத்தில் வயற்காவலுக்குப் போகிறவரல்லவா? அவரைக் கேட்டுப் பார்த்தீரா?" என்று கேட்டோம்.

சபையிலுள்ள பெரியோருக்கு இது விளங்கும். நெல் குடலைப் பருவத்துக்கு வந்தால், அருவிவெட்டு முடியும் வரை வன்னிக் கமக்காரனுக்கு வீட்டுப் பாய் இல்லை. இரவில் பன்றி வரும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் போன்ற காட்டோரப் பகுதிகளில் யானையும் வரும். பரணிலே சாய்ந்திருப்பவர் அரைமணி கண்ணயர்வார், நாய் குரைத்தால் எழும்புவார், ரோச் அடித்துப் பார்ப்பார், யானை வெடி கொளுத்துவார், மறுபடியும் சாய்வார். கூட்டிப் பார்த்தால் நாலைந்து மணித்தியாலம் தேறும். ஆனால் அது உறக்கமாகுமா?

நாமும் இளமையில் ஒரு போகம் முழுவதும் இப்படிக் காவல் இருந்தோம். ஒருநாள் விடியப்புறம் பரணை விட்டு இறங்கியபோது, காலடியிலே யானையின் சுவடு கிடந்தது. அரை ஏக்கர் நெல் மிதிபட்டுப் போயிருந்தது. நாம் உறங்கவில்லை என்றே எண்ணியிருந்தோம்! நெல் போனதைவிட, நமது விழிப்பை நாமே நம்ப முடியாது என்று அறிந்ததுதான் எமக்குப் பெரிய அச்சமாயிற்று.

இதனை ஆராய்ச்சியும் உறுதி செய்கிறது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் 14 நாட்கள், நாளுக்கு 6 மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ படுக்கவிடப்பட்டவர்களின் கவனமும் நினைவும் ஓரிரு இரவுகள் உறங்காதவருடைய நிலைக்குத் தாழ்ந்தன. ஆயினும் தாம் அவ்வளவு தளர்ந்ததை அவர்கள் பெரும்பாலும் உணரவில்லை.

ஏன் இப்படி? உறக்கம் ஒரே சீரானது அன்று. 1953இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைற்மனும், உறக்கத்தினிடையே கண்கள் விரைந்து அசையும் ஒரு நிலை உண்டென்று கண்டறிந்தனர். கனவு மிகுந்த நிலை அது. மேலான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவுறக்கம் என ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 90 நிமிடம் செல்லும். ஆழ்ந்த உறக்கம் முன்னிரவிலும் கனவுறக்கம் விடியலை நோக்கியும் மிகும். வளர்ச்சிக்குரிய சுரப்பு பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்திலே சுரக்கிறது. பகலில் படித்தது மனத்தில் ஊன்றுவதும் உறக்கத்திலேதான். 20 நிமிடத்தில் எழும்புகிறவர், சோறு வேகுமுன் பானையை இறக்குகிறவரைப் போன்றவர்.

மேலும், உடலுக்குள்ளே ஒரு மணிக்கூடு ஓடுகிறது. அதன் இயக்கத்தைப் பழ ஈக்களில் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த மணிக்கூட்டை நம் விருப்பத்துக்குத் திருப்பி வைக்க முடியாது. இரவு உறக்கத்தைத் துண்டாடும் திட்டங்களை 2021இல் அமெரிக்க உறக்க அறிஞர் குழுவொன்று ஆராய்ந்து, அவற்றால் நன்மை உண்டென்பதற்குச் சான்று இல்லை, தீமையே உண்டு என்று கூறிற்று.

அப்படியானால் குட்டித் தூக்கம் தீதா? இல்லை. நெடுந்தூர விமானிகள் பயணத்தினிடையே ஏறத்தாழ 26 நிமிடம் உறங்கியபோது விழிப்பு மேம்பட்டதை நாசா நிறுவனத்தின் ஆய்வு காட்டிற்று. கண்டி வீதியிலே வாகனம் ஓட்டுபவருக்குக் கண் சொருகினால், ஓரமாக நிறுத்திக் கண்ணயர்வது உயிர் காக்கும். குட்டித் தூக்கம் ஊன்றுகோல், அது காலாகாது.

"சிவராத்திரியில் விழிக்கிறோமே" என்று பெரியோர் கேட்கலாம். அது ஆண்டுக்கு ஓரிரவு. அரிதாயிருப்பதனாலேயே அது விரதமாகிறது. மிகுதியாய் உறங்குபவனுக்கும், உறங்காதே விழிப்பவனுக்கும் யோகம் கைகூடாதென்பது கீதை ஆறாம் அத்தியாயத்தின் கருத்து.

பேச்சோடு நின்றால் போதாது. அடுத்தடுத்து வயலுள்ள நாலு குடும்பம் சேர்ந்து முறைக்காவல் வைத்தால் என்ன? ஒரு பரணில் இருவர். இவ்விருவராக இரண்டு அணி. ஓர் இரவு ஓர் அணி, மறு இரவு மற்ற அணி. ஒன்றுவிட்டு ஒரு நாளாவது ஒவ்வொருவருக்கும் முழு இரவு உறக்கம் கிடைக்கும். வளர்ந்தவருக்கு 7 மணித்தியாலமேனும் வேண்டும். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 வரை வேண்டும். ஆதலின் பரீட்சை எழுதும் பிள்ளையைக் காவலுக்கு அனுப்பாது, அக்குடும்பத்தின் முறையைச் சங்கத்து இளைஞர் ஏற்பார்களாக. இதுவும் தொண்டே.

அத் தம்பி தந்தையாரைக் கேட்டாராம். அவர், "எனக்குக் கிடைக்காத நித்திரை உனக்குக் கிடைக்குது. படுத்து எழும்பிப் படியடா" என்றாராம். நாம் இவ்வளவு நேரம் கூறியதை அவர் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார்.

இரவும் ஏறிவிட்டது. இன்னும் பேசினால் நாம் சொன்னதற்கு நாமே மாறு செய்தவராவோம். எல்லோரும் வீடு சென்று நன்றாக உறங்குங்கள்.