நெய்தவர் ஒருவர், அளப்பவர் ஒருவர்



சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம் தறிச் சத்தத்தோடு விடியும் ஊர். இந்தப் பக்கத்தில் கூலிக்கு நெய்கிறவர் சேலையை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குமிடத்தில் வேறொருவர் அதைப் பிரிப்பார். நீளம் அகலம் அளப்பார். இழை அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நெய்தவரே ‘எல்லாம் சரி’ என்று எழுதிக் கொடுத்துக் கூலி வாங்கும் வழக்கம் எந்தத் தறியூரிலும் கிடையாது.

அரசு வேலைகளில் அந்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. வேலை செய்த துறையே அளந்தது, அதே துறை அளவுப் புத்தகத்தில் ஏற்றியது, அதன் மேலதிகாரியே கையெழுத்திட்டார்.

இதை மாற்றிய முயற்சிகளில் முக்கியமானது, 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. நூறு நாள் வேலையின் ஒவ்வொரு பணியையும் கிராமசபை தணிக்கை செய்ய வேண்டும் என்றது அது. ஜலகண்டாபுரம் பேரூராட்சி, ஆகவே அந்தச் சட்டம் ஊரைச் சுற்றியுள்ள நங்கவள்ளி ஒன்றியத்துக் கிராமங்களுக்குத்தான் பொருந்தியது. 2011இல் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரைக் கலந்து விதிகள் வகுக்கப்பட்டன. ஆறு மாதத்துக்கு ஒரு தணிக்கை. அதை நடத்தும் அமைப்பு, வேலையை நடத்துகிற நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டதாக இருக்கக் கூடாது. தணிக்கைக்கு வருகிறவர் அதே ஊராட்சியில் குடியிருப்பவராகவும் இருக்கக் கூடாது.

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரியில்தான் இந்த விதிகளின் உயிர் இருக்கிறது. உள்ளூர்க்காரர் என்றால் மாமன் மச்சான் உறவு குறுக்கே நிற்கும். நாளைக்கும் அதே தெருவில் முகம் பார்க்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு அந்தத் தயக்கம் இல்லை. அவர் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். ‘இத்தனை நாள் வேலைக்குப் போனதாக இருக்கிறதே, போனீர்களா அம்மா? கூலி வங்கிக்கு வந்ததா?’ என்று கேட்கிறார். ஏரிக்கரையில் டேப் பிடித்து நீளம், அகலம், ஆழம் அளந்து புத்தகத்தோடு ஒப்பிடுகிறார். இறந்தவர் பெயரில் வருகை, வெட்டாத வரப்புக்குச் செலவு எல்லாம் இப்படித்தான் அகப்படும். பிறகு கிராமசபையில் ஊராட்சி நிர்வாகத்தில் இல்லாத ஊர்ப் பெரியவர் ஒருவர் தலைமையில் எல்லாம் உரக்க வாசிக்கப்படும்.

உரக்க வாசிக்கும் இந்த முறை அரசு அலுவலகத்தில் பிறந்ததல்ல. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் பொது விசாரணையைக் கூட்டியது. பதிவேட்டில் இருந்த பெயர்களையும் செலவுகளையும் ஊரார் முன் வாசித்துக் காட்டினார்கள். தகவல் உரிமைச் சட்டத்துக்கான போராட்டம் அங்கிருந்து வலுப்பெற்றது. ஆந்திரம் 2006 முதல் இந்தத் தணிக்கையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சங்கம் 2013இல் அமைந்தது.

கணக்குக் காட்டாதவரை விலக்கி வைப்பது தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடவோலையில் இடம்பெறக் கூடாது என்கிறது. ஆனால் அது நிலமும் கல்வியும் உள்ள பிராமணர்களின் சபை. வயலில் இறங்கி வேலை செய்தவர் எழுந்து கேள்வி கேட்க அங்கே இடமில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் தன் பெயரில் ஏறிய கணக்கை ஊர் நடுவே மறுத்துப் பேசலாம் என்பது, அந்தக் கல்வெட்டு எட்டாத தூரம்.

மக்கள் கூடிப் பேசினால் மட்டும் போதுமா? இந்தோனேசியாவில் பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார அறிஞர் 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் புதிதாகப் போட்ட சாலைகளைத் தோண்டி, எவ்வளவு கல்லும் மணலும் போட்டிருக்கிறார்கள் என்று அளந்தார். அரசுத் தணிக்கையாளர் கட்டாயம் வருவார் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட ஊர்களில், காணாமல் போகும் பணம் சுமார் 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. கூட்டத்துக்கு அழைப்பு மட்டும் அனுப்பிய ஊர்களில் பெரிய மாற்றம் இல்லை. ஜல்லி எத்தனை அங்குலம் என்பது கண்ணால் பார்த்துத் தெரிகிற விஷயமில்லையே. தோண்டிப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்.

தோண்டத் தெரிந்தவரின் அறிக்கை காலம் கடந்து வந்தாலும் பயன் பாதிதான். இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரை உச்ச நீதிமன்ற நீதிபதியைப் போலத்தான் பதவி நீக்க முடியும். அரசியல் சட்டத்தின் 148ஆம் பிரிவு அவ்வளவு காப்பு தருகிறது. அந்தத் துணிவில்தான் அவருடைய அறிக்கை 2015 சென்னை வெள்ளத்தில் மனிதத் தவறுகளின் பங்கை எடுத்துச் சொன்னது. ஆனால் அது சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலையில். அதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

அறிக்கை மக்கள் காதுக்கும் எட்ட வேண்டும். வானொலி கேட்கிறவர்களுக்கு அதில் ஒரு செய்தி உண்டு. பிரேசிலில் 2003 முதல் சீட்டுக் குலுக்கி நகராட்சிகளைத் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்தார்கள். ஊழல் அம்பலமான மேயர்களை மக்கள் அடுத்த தேர்தலில் தண்டித்தார்கள். உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் அந்த அடி இன்னும் பலமாக விழுந்தது என்று ஃபெராஸ், ஃபினான் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டார்கள். அறிக்கை காதில் விழுந்த ஊரில் வேலை செய்தது.

ஜலகண்டாபுரம் போன்ற பேரூராட்சிகளின் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. பிழை கண்டால் தணிக்கைத் தடை எழுதுகிறது. அந்தத் தாள் அலுவலகத்துக்குப் போகிறது. 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களிலும் பகுதி சபைகள் கூடத் தொடங்கியிருக்கின்றன. எந்த வார்டில் எந்தச் சாக்கடைக்கு எந்தத் தடை என்று அங்கே வாசித்தால், தாங்களே டேப் எடுத்துவந்து அளந்து பார்க்கும் ஆட்கள் இந்தத் தறியூரில் நிறைய இருக்கிறார்கள்.