உழவரின் தேக நலம்: உடற்பயிற்சியும் அக்குபஞ்சர் சிகிச்சையும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நிலத்தின் நலம், நீரின் நலம், கால்நடைகளின் நலம் ஆகியவற்றைப் பற்றி இத்தகைய கூட்டங்களில் பன்முறை பேசியிருக்கிறோம். இன்று, அவற்றையெல்லாம் பேணுகின்ற மனிதருடைய தேக நலத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற முற்படுகிறோம். வயது வந்தோர் தம் உடலை உறுதியாக வைத்துக்கொள்வது எவ்வாறு, இடுப்பு வலியும் மூட்டு வலியும் கண்டபோது பலரும் நாடிச் செல்லும் அக்குபஞ்சர் சிகிச்சையால் எவ்வளவு பயன் உண்டு, அதன் எல்லை எது என்பனவே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

"உழைக்கிறவனுக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஏற்றம் இறைத்து, ஏர் பிடித்து, நெற்கட்டைத் தலையில் சுமந்து களத்திற்கு நடந்த காலத்தில் அதற்கு விடை தேட வேண்டியிருந்திராது. இன்றோ பம்புசெட்டு நீர் இறைக்கிறது, டிராக்டர் உழுகிறது, அறுவடை இயந்திரம் அறுத்து அடித்துத் தருகிறது, வயலுக்கும் கடைவீதிக்கும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறோம். இவை நமது பாரத்தைக் குறைத்த நன்மைகள். வேண்டாமென்று எவரும் கூறார். ஆனால் கால்களுக்கும் இருதயத்திற்கும் கிடைத்து வந்த வேலையும் இவற்றால் குறைந்து போயிற்று. எஞ்சி நிற்கும் வேலைகளோ, நடவும் களையெடுப்பும் போல ஒரே நிலையில் குனிந்து இடுப்பை வருத்துவன. அல்லது மருந்துத் தெளிப்பானைச் சுமப்பது போலத் தோளையும் முதுகையும் அழுத்துவன. உழைப்பு இருக்கிறது, உடல் முழுவதற்கும் ஒழுங்கான பயிற்சி இல்லை.

இதன் விளைவை விளக்க லண்டன் மாநகரில் நடந்த ஓர் ஆராய்ச்சியைக் கூறுவோம். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1953-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். அந்நகரத்து மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் மாடிப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பேருந்தில் வேலை செய்த இவ்விரு வகையினருள் நடத்துநர்களிடம் இருதய நோய் குறைவாகவும், ஓட்டுநர்களிடம் அதிகமாகவும் காணப்பட்டது. டிராக்டரின் இருக்கையிலும் மோட்டார் சைக்கிளிலும் பொழுதைக் கழிக்கும் நாம், அந்த ஓட்டுநரின் நிலையை நெருங்கி வருகிறோம்.

நமது நாட்டு நிலைமையையும் காண்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடி மக்களுக்கு நீரிழிவு இருக்கிறது; வயது வந்தோரில் 100-க்கு 35 பேருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருக்கிறது. இது பட்டணத்து நோய் என்று நாம் அலட்சியமாக இருப்பதற்கில்லை.

தடுக்க வழியுண்டா? உண்டு. நீரிழிவு வரும் நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு சென்னையில் நடத்திய ஆராய்ச்சி 2006-ல் வெளிவந்தது. ஆலோசனை பெறாத பிரிவில் மூன்று ஆண்டுகளில் 100-க்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவைச் சீர்படுத்தி, நாள்தோறும் அரைமணி நேரமேனும் விரைந்து நடக்குமாறு அறிவுறுத்தப்பட்ட பிரிவில் 39 பேரே ஆளாயினர். மாத்திரை எதுவுமின்றிக் கிடைத்த பலன் இது.

எவ்வளவு பயிற்சி போதுமானது? வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் கூறியது. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி நேரம் கைவீசி நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான வேகத்தின் அடையாளம். இத்துடன் வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி தேவை. நம் முன்னோர் அறிந்த தண்டாலும் பஸ்கியும் இதற்குப் போதும். முழங்கால் வலியுள்ளவர் உயரமான நாற்காலியில் அமர்ந்து எழுந்து பழகலாம். திண்ணையிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லையெனில், தொடைத் தசைகள் தளர்ந்துவிட்டன என்று ஐயுற வேண்டும். 65 வயதைக் கடந்தோர், விழாமல் தம்மைக் காத்துக்கொள்ள, சுவரருகே ஒற்றைக் காலில் நின்று பழகுதல் நன்று.

நிற்க. இனி அக்குபஞ்சரைப் பற்றிக் காண்போம். மயிரிழை போன்ற மெல்லிய ஊசிகளை உடலின் சில இடங்களில் செலுத்தும் இம்முறை, சீன நாட்டில் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளாக வழங்கி வருகிறது. 1938-ல் சீனாவிற்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸுடன் பணியாற்றிய டாக்டர் விஜய் குமார் பாசு, பின்னாளில் மீண்டும் அந்நாட்டிற்குச் சென்று இதனைக் கற்று, கல்கத்தாவில் பரப்பினார். மேற்கு வங்க அரசு 1996-ல் இதற்கெனச் சட்டமே இயற்றியது.

இதனால் பயன் உண்டா? ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 1,162 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2007-ல் வெளியாயிற்று. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முறைப்படி ஊசி செலுத்தப்பட்டவருள் 100-க்கு 48 பேர் நலம் கண்டிருந்தனர். மருந்தும் பயிற்சியுமாகிய வழக்கமான சிகிச்சை பெற்றவருள் 27 பேரே நலம் கண்டனர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறிப்பிட்ட புள்ளிகளை விட்டு வேறிடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவருள்ளும் 44 பேர் நலம் கண்டனர். ஆதலின் வலி தணிகிறது என்பது மெய். இன்ன புள்ளியில் குத்தினால்தான் தணியும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் 2023-ல், நாட்பட்ட இடுப்பு வலிக்குப் பயிற்சியோடு அக்குபஞ்சரையும் ஏற்கத்தக்க முறைகளுள் ஒன்றாகக் கூறியது.

வண்டிச் சக்கரம் சேற்றில் புதைந்தால் தோள் கொடுத்துத் தள்ளுவார் உண்டு. பின்னர் வண்டியை இழுத்துச் செல்ல வேண்டியவை மாடுகளே. அக்குபஞ்சர் அந்தத் தோள், உடற்பயிற்சியே மாடுகள். ஊசியால் வலி சற்றுத் தணிந்த நாட்களில் நடக்கத் தொடங்கினால், அப்பயன் நிலைக்கும். தணிந்ததென்று படுத்துவிட்டால் வலி திரும்பவும் வரக்கூடும்.

அன்பர்களே, இப்போது கூறுவதை மறவாமல் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் ஊசியாலோ விரல் தொடுதலாலோ அடியோடு போக்கிவிடலாம், மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள் என்று எவரேனும் கூறினால் அதற்குச் செவி சாய்க்கலாகாது. இன்சுலினைத் திடீரென நிறுத்தியவர் சில நாட்களிலேயே உயிருக்குப் போராடும் நிலையை அடையலாம். இரத்த அழுத்தம் வலியின்றியே வளர்ந்து, ஒருநாள் பக்கவாதமாக வெளிப்படலாம். உழைத்துக் காப்பாற்றுபவர் ஒருவர் படுத்துவிட்டால், அக்குடும்பத்தின் நிலமும் கடனுக்குப் போகும் என்பதை நாம் கண்டிருக்கிறோம்.

சிகிச்சைக்குச் செல்வோர், முறையாகப் பயின்றவரையே நாட வேண்டும். உறை பிரிக்காத புதிய ஊசியை நம் கண்ணெதிரே பிரிக்கச் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசி மற்றவருக்குக் கொடிய தொற்று நோய்களைக் கொண்டு வரும். இடுப்பு வலியுடன் கால் மரத்தல், கால் வலுவிழத்தல், சிறுநீர் அடக்க இயலாமை, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மார்பு வலி கண்டாலோ 108 வண்டியை அழைப்பதே முறை.

முடிவாக, பஞ்சாயத்தார்க்குச் சில யோசனைகள். ஏரிக்கரையிலோ குளக்கரையிலோ முள் அகற்றி ஒரு நடைபாதை அமைக்கலாம். பெண்களும் அச்சமின்றி நடக்க, அங்கே விளக்கு வசதி செய்யலாம். பள்ளி விளையாட்டுத் திடலை மாலையில் பெரியோர் பயன்படுத்த ஏற்பாடு செய்யலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் வரும்போது, 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளச் செய்யலாம். இவை அனைத்தையும் அடுத்த கிராம சபையில் பேசித் தீர்மானமாக்குவது அரிதன்று, செலவும் மிகுதியன்று.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். மண்ணை வளப்படுத்தும் கைகள் வலுவோடு இருந்தால்தான் கிராமம் வளம் பெறும். இன்று மாலையே, மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு, வயலுக்கு நடந்து சென்று திரும்புவோமாக.