சங்கிலிப் பேரேட்டின் பணிக்குறிப்புகள்

திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் மேட்டுத் தெருக்களில் நடப்போருக்கு உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பு தொலைவில் இல்லை. அப்பால் சீனன்குடாவிலுள்ள மாவாலைக்குக் கோதுமை கொணரும் கப்பல்கள் அந்த நீரிலேதான் வந்து தங்குகின்றன. கப்பல் ஒவ்வொன்றிலும் நாட்குறிப்பேடு ஒன்று உண்டு. காற்றின் திசை, கப்பலின் போக்கு, காவல் மாறிய வேளை, நேர்ந்த இடையூறு யாவும் அதில் ஏறும். எழுதிய வரியைச் சுரண்டி அழித்தல் ஆகாது என்பது அந்த ஏட்டின் விதி. பிழை நேர்ந்தால், அடித்தபின்னும் படிக்கக் கூடியவாறு ஒரே கோட்டினால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பச் சுருக்கம் இடுவர். மாலுமிகள் இதனைப் பெரிய தத்துவமாகக் கருதுவதில்லை. கரைக்கு வந்தபின் விசாரணை என்று ஒன்று ஏற்பட்டால், பிழையும் ஒரு சாட்சி என்பதை அவர்கள் அறிவர்.

பிளாக்செயின் என்று இந்நாளிற் பேசப்படும் மென்பொருளும் இத்தகையதோர் ஏடேயாகும். சங்கிலிப் பேரேடு என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். கொடுக்கல் வாங்கல்கள் பக்கம் பக்கமாகப் பதியப்படுகின்றன. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதற்கு முந்திய பக்கத்தின் சாரத்தைக் கணக்கிட்டுப் பெற்ற ஒரு குறியெண் இடப்படும். முந்திய பக்கத்தில் ஓரெழுத்தை மாற்றினும் குறியெண் பொருந்தாது. சங்கிலி அறுந்தது தெரிந்துவிடும். அவ்வேட்டின் படிகள் ஒரே அலுவலகத்தில் இராமல், ஒருவரை ஒருவர் அறியாத ஆயிரக்கணக்கானோரின் கணினிகளில் இருக்கின்றன. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையொன்றில் இம்முறை விளக்கப்பட்டது. 2009 ஜனவரியில் பிட்கொயின் என்ற பெயரில் அது இயங்கத் தொடங்கிற்று.

இவ்வேட்டை ஆக்கும் பொறியியலாளருக்கு ஏனையோருக்கு இல்லாத சங்கடம் ஒன்று உண்டு. வங்கியொன்றின் மென்பொருளில் பழுது கண்டால் இரவோடிரவாகத் திருத்திவிடலாம். மறுநாள் வாடிக்கையாளர் எதையும் அறியார். சங்கிலிப் பேரேட்டில் அது இயலாது. திருத்திய பதிப்பை முன்பின் அறியாத அத்தனை பேரும் ஒரே வேளையில் ஏற்றாக வேண்டும். பாதிப் பேர் ஏற்று மறுபாதியினர் ஏற்காவிடின் ஏடு இரண்டாகப் பிளந்துபோகும். 2013 மார்ச் மாதத்தில் பிட்கொயினுக்கு இதுவே நேர்ந்தது. புதிய பதிப்பு ஏற்ற பக்கமொன்றைப் பழைய பதிப்பு தள்ளிவிட்டது. பொறியியலாளர் பகிரங்கமாகவே உண்மையைக் கூறி, பழைய பதிப்புக்கே மீளுமாறு வேண்டிக்கொண்டனர். சில மணி நேரத்தில் ஏடு மீண்டும் ஒன்றாயிற்று. மறைத்து வைத்திருந்தால் யார் மீண்டிருப்பர்? ஆகவே, "பணி எந்த அளவில் நிற்கிறது" என்று ஊரறியச் சொல்லுதல் இத்துறையில் பணியின் ஓர் உறுப்பே ஆகிவிட்டது.

ஆனால் எல்லாக் குழுவினரும் ஒரே விதமாகச் சொல்லவில்லை. துறைமுகத்தோடு தொடர்புடைய ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். 2014இல் மேர்ஸ்க் என்ற டென்மார்க்குக் கப்பல் நிறுவனம், கிழக்காபிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற குளிர்பதனச் சரக்கொன்றைப் பின்தொடர்ந்து பார்த்தது. ஏறத்தாழ 30 பேரும் அமைப்புகளும் அதிற் சம்பந்தப்பட்டனர். 200க்கு மேற்பட்ட தகவற் பரிமாற்றங்கள் நடந்தன. இந்தக் காகிதச் சுமையைக் குறைக்கவென மேர்ஸ்க்கும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து, ட்ரேட்லென்ஸ் என்ற சங்கிலிப் பேரேட்டை 2018 ஒகஸ்டில் அறிமுகஞ் செய்தன. 94 அமைப்புகள் சேர்ந்துள்ளன, 15 கோடியே 40 லட்சம் நிகழ்வுகள் பதிவாகியுள்ளன என்று அப்போது அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டில் போட்டிக் கப்பல் நிறுவனங்கள் சிலவும் சேர்ந்தன. 2022 நவம்பர் 29ஆம் நாளோ, வேறொரு செய்தி வந்தது. உலகளாவிய ஒத்துழைப்புக் கிட்டாமையால் ட்ரேட்லென்ஸ் மூடப்படும் என்றனர். 2023இன் முதற் காலாண்டோடு அது நின்றது.

மென்பொருள் வேலை செய்தது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். எண்ணிக்கைகளும் பொய்யல்ல. எனினும், தன் போட்டியாளரே நடத்தும் ஏட்டில் ஒரு வணிகன் தன் கணக்கை மனமார எழுதுவானா என்ற வினாவுக்கு 15 கோடி நிகழ்வுகள் விடையாகா. எண்ணக் கூடியதை எண்ணிச் சொல்லுதல் எளிது. தேர்வுப் பெறுபேறுகளை மட்டும் காட்டும் பாடசாலை அறிக்கையும் இவ்வகையினதே. இறுதி அறிவித்தலாயினும் காரணத்தை மறைக்காது கூறியமை பாராட்டுக்குரியது.

இதற்கு மாறான முறையை எதீரியம் என்ற பேரேட்டின் பொறியியலாளர் கையாள்கின்றனர். அங்கே ஒரே நிறுவனம் மென்பொருளை ஆக்குவதில்லை. ஒரே விதிகளைப் பல குழுக்கள் தனித்தனியே மென்பொருளாக எழுதுகின்றன. ஒரு குழுவின் பிழை ஏட்டையே கவிழ்த்துவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. அக்குழுவினர் இணையவழிக் கூடி முன்னேற்றத்தையும் முட்டுக்கட்டையையும் பேசுகின்றனர். நிகழ்ச்சி நிரல் முன்னரே வெளியாகும். பேச்சு முழுவதும் பதிவாகி யாவர்க்கும் கிடைக்கும்.

தொடக்கத்தில் எதீரியம் பெருங்கணிப்புப் போட்டியினால் இயங்கியது; மின்சாரத்தை வரம்பின்றி விழுங்கியது. அதனைப் பிணைவைப்பு முறைக்கு மாற்றுவது ஆரம்பகால நோக்கமாகும். அதற்காக மென்பொருளுக்குள்ளேயே ஒரு தவணைப்பொறியை வைத்திருந்தனர். குறித்த காலம் கடந்தால் கணிப்பு மேன்மேலும் கடினமாகி, பழைய முறை தானே நடக்கமாட்டாது நின்றுவிடும். தம்மைத் தாமே நெருக்குவதற்குக் கட்டிய பொறி அது. 2017க்கும் 2022க்கும் இடையில் ஆறு தடவை அதனை அவர்கள் ஒத்திவைக்க நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் காரணம் பகிரங்கமாகப் பேசப்பட்டது. ஏளனமும் குறைவின்றிக் கிடைத்தது. 2022 ஜூனில் மாற்றம் நிகழும் என்று பலர் நம்பியிருந்த வேளையில், "ஜூனில் ஆகாது" என்று அவ்வாண்டு ஏப்ரலிலேயே சொல்லிவிட்டனர். ஜூன், ஜூலை, ஒகஸ்ட் மாதங்களில் மூன்று சோதனைத் தொடர்களில் ஒத்திகை நடந்தது. 2022 செப்டெம்பர் 15ஆம் நாள், இலங்கை நேரம் பகல் 12 மணி 12 நிமிடத்துக்கு, ஏடு ஒரு கணமும் நில்லாமல் புதிய முறைக்கு மாறியது. ஓடும் கப்பலில் எந்திரத்தை மாற்றியதற்கு ஒப்பான செயல் அது. மின்சாரச் செலவு ஏறத்தாழ 99.95 சதவீதம் குறைந்தது.

அதன்பின் எல்லாம் நேராகச் சென்றது என்று எண்ண வேண்டாம். 2025 பெப்ரவரி 24இல் பெக்ட்ரா என்ற அடுத்த சீர்திருத்தத்தை ஹொலெஸ்கி எனும் சோதனைத் தொடரில் ஏற்றினர். பிணைவைப்பைப் பெறும் கணக்கின் முகவரி அந்தச் சோதனைத் தொடருக்கு உரியதாக மூன்று குழுக்களின் மென்பொருளில் அமைக்கப்படவில்லை. ஒரு முகவரி, அவ்வளவே. பல குழுக்கள் இருப்பதே காவல் என்று கருதப்பட்ட இடத்தில், மூன்று குழுக்கள் ஒரே பள்ளத்தில் விழுந்தன. பெரும்பான்மையினர் தவறான பக்கத்துக்குச் சான்றளித்தனர். தொடர் இரு வாரங்கள் உறுதிபெறாமல் தத்தளித்தது. எந்த மென்பொருளில், எந்த அமைப்பில், எவ்வாறு பிழை நேர்ந்தது என்பதை எழுதி வெளியிட்டனர். ஹூடி என்ற புதிய சோதனைத் தொடரை அமைத்து மீண்டும் ஒத்திகை பார்த்து, மே 7ஆம் நாளே உண்மை ஏட்டில் ஏற்றினர். சோதனைத் தொடரில் புழங்கும் பணத்துக்குப் பெறுமதியில்லை. அங்கே கவிழ்வதால் எவருடைய சேமிப்பும் அழியாது. அப்படிக் கவிழ்வதற்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது.

இலங்கையில் இவ்விடயம் எட்டாத் தொலைவில் உள்ளதன்று. வாடிக்கையாளரின் அடையாள விபரங்களை வங்கிகள் பகிர்ந்துகொள்வதற்காக இலங்கை மத்திய வங்கி, முன்வந்த மென்பொருள் நிறுவனங்களைக் கொண்டு, சங்கிலிப் பேரேட்டின் முன்மாதிரி ஒன்றை ஆக்குவித்தது. முன்மாதிரி என்ற சொல்லை அங்கே அழுத்திப் படிக்க வேண்டும். வங்கிக் கருமபீடத்தில் நிற்பவருக்கு இது வேறு, நாளாந்த சேவை வேறு. இதே மத்திய வங்கி மெய்நிகர் நாணயங்களின் ஆபத்தைப் பற்றியும் பொதுமக்களை மீண்டும் மீண்டும் எச்சரித்து வந்துள்ளது. பிளாக்செயின் என்ற பெயரைச் சொல்லிச் சேமிப்பைக் கேட்டு வருவோரின் அறிக்கைகளில் தாமதம் என்ற சொல்லே இராது. மாதந்தோறும் வளர்ச்சி, வாரந்தோறும் வெற்றி. மகனின் படிப்புக்கென வைத்த பணத்தை அதில் இடுமுன், சென்ற மாதம் எது பழுதாயிற்று, அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாய் கேட்டால் போதும். விடையில்லாத இடத்தில் ஏடும் இல்லை என்று கொள்ளலாம்.

எதீரியப் பொறியியலாளரின் கூட்டங்களுட் பல வியாழக்கிழமைகளில், இலங்கை நேரம் இரவு 7.30க்குத் தொடங்குவன. ஓர்ஸ் ஹில்லில் கணினி பயிலும் மாணவன் வீட்டிலிருந்தபடியே அவற்றைக் கேட்கலாம், கட்டணமில்லை. பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும். முதல் இரண்டு மூன்று வாரங்கள் கலைச்சொற்கள் திகைக்க வைக்கும். சோதனைத் தொடர்களின் நிலைமைக்கு வரும்போது மட்டும் காதைத் தீட்டிக்கொண்டால், எவர் எதை முடிக்கவில்லை என்பது அவனுக்கும் விளங்கத் தொடங்கும்.